புதன்கிழமை எரிந்த உலை

குசுமோத்தோ வீட்டு உலை திங்கள், செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள்தான் எரியும். தகாய்தா வட்டாரத்தில் இது எல்லோருக்கும் தெரியும். புதன்கிழமையன்று ஒருவன் எஃகைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குள் வந்தால் அவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் ஆறு நாளும் எரிந்த உலைதான். சந்தில் அறுபது பட்டறை இருந்த காலம் அது. இப்போது பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் ஒரு பட்டறைகூட ஒரு பொருளை முழுதாகச் செய்து முடிப்பதில்லை. ஹமாகுச்சி லேத்தில் கடைந்து கொடுப்பார். அதைச் சைக்கிள் கூடையில் போட்டுக் குசுமோத்தோ வீட்டுக்குக் கொண்டுவந்தால் சதாவோ உலையில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, எஃகுக்குக் கடினம் ஏற்றுவார். அங்கிருந்து இன்னொரு சைக்கிளில் ஒகுனோ அம்மாளின் கிரைண்டிங் பட்டறைக்குப் போகும். காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்குகிறவனுக்கு, அந்த மாத்திரையை அழுத்தி வட்டமாக்கிய பஞ்ச் இந்தச் சந்தில் மூன்று வீட்டு வாசல் ஏறி இறங்கியது தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பது சதாவோவின் கட்சி. வேலை சுத்தமாக இருந்தால் போதும்.

சதாவோவுக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி மினெகோவுக்கு அறுபத்தெட்டு. வந்த எஃகைக் கம்பியில் கோப்பதும், கடினம் ஏறிய பிறகு வைரமுனை இயந்திரத்தில் வைத்து எவ்வளவு கடினம் என்று எண் பார்ப்பதும் அவள் வேலை. கல்யாணமாகி வந்த மறுவாரம் மாமனார் அந்த இயந்திரத்தின் முன்னால் அவளை உட்காரவைத்தார். நாற்பத்துமூன்று வருஷமாக அந்த ஸ்டூலை விட்டு அவள் எழுந்ததெல்லாம் சமைப்பதற்கும் பிள்ளை பெறுவதற்கும்தான். பிள்ளைகள் இரண்டும் பெண்கள். இருவரும் தொலைவில் வாழ்கிறார்கள்.

உலைக்குள் ஆறு சூடேற்றும் கம்பிகள். இரண்டு செத்துப்போய்விட்டன. முதுகுப் பக்கத்துச் செங்கல் கோடையில் சரிந்து விழுந்தது. உலையைச் செய்த தொழிற்சாலையை மூடிப் பதினொரு வருஷம் ஆகிறது. மாற்றுக் கம்பிக்கு எங்கே போவது? இடது மூலை அளவுக்கு மீறிக் காயும், வலது மூலை குளிர்ந்து கிடக்கும். சதாவோ நேரம் பார்த்துத் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கு அவர் கண்ணிலும் கையிலும் இருந்ததே தவிர வேறெங்கும் இல்லை. அந்த உலை நின்றால் சந்தும் நின்றுவிடும். அடுத்த உலை ஆற்றுக்கு அப்பால். அவர்கள் வண்டிக்கணக்கில் வந்தால்தான் எடுப்பார்கள். ஹமாகுச்சியின் நாற்பது ஐம்பது பஞ்ச்சை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

அக்டோபர் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மதியம் ஊதோன் நூடுல்ஸ் கிண்ணங்களை வைத்துவிட்டு, மினெகோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, அரசாங்கத்துலேர்ந்து கடுதாசி."

"வரியா?"

"வரி இல்ல. நாட்டுத் தொழிலுக்குன்னு புதுசா ஒரு திட்டம் போடறாங்களாம். எந்தப் பட்டறை நின்னா சுத்தி இருக்கறதெல்லாம் நின்னுபோகுமோ, அதைத் தேடிப் பிடிச்சு, பழைய இயந்திரத்துக்குப் பதிலா புதுசு குடுக்கப் போறாங்க. நேர்ல வந்து பாப்பாங்களாம்."

"முப்பது வருஷமா எந்த மலை உச்சியில தூங்கிட்டிருந்தாங்களாம்?" சதாவோ ஊதோனை உறிஞ்சினார். "பெரிய கம்பெனியெல்லாம் மூட்டை கட்டிக் கடல் தாண்டிப் போச்சே, அப்ப வந்திருக்கணும். எல்லாரும் போனப்புறம் மிச்சம் யாருன்னு எண்ண வர்றாங்க."

"இப்பவாவது வர்றாங்களே. இயந்திரத்தோட நிலைமைய உள்ளபடி சொல்லணும்னு போட்டிருக்கு."

"உள்ளபடின்னா?"

"உள்ளபடின்னா உள்ளபடிதான். ரெண்டு கம்பி இல்ல, முதுகுல செங்கல் இல்ல, உள்ள வெக்கிற தட்டை நீங்க கரண்டியால மீன் திருப்பற மாதிரி திருப்பிட்டிருக்கீங்க. அதைச் சொல்லணும்."

சதாவோ சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் இணையாக வைத்தார். "வீட்டுக்கு வர்றவங்ககிட்ட உடம்புல இருக்கற புண்ண அவுத்துக் காட்டச் சொல்றியா?"

"வைத்தியருகிட்ட காட்டாம வேற யாருகிட்டங்க காட்டறது?"

சதாவோ கையை நீட்டினார். கடிதத்தை வாங்கித் தேதியை மட்டும் பார்த்தார். நவம்பர் பதினெட்டு, காலை பத்து மணி.

"புதன்கிழமை," என்றார்.

அந்த ஒரு சொல்லைச் சொன்ன விதத்திலேயே அவர் என்ன செய்யப்போகிறார் என்று மினெகோவுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய தகப்பனார் காலத்தில், ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, குளிர்ந்து கிடந்த உலையைப் பார்த்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். அந்த வேலை வேறு சந்துக்குப் போயிற்று. குசுமோத்தோ என்ற பெயரைத் தாங்கிய வீட்டில் அந்நியன் கண்ணில் குளிர்ந்த உலை படக்கூடாது என்று கிழவர் அன்றைக்குச் சொன்னதைச் சதாவோ இருபது வயதில் கேட்டார். எழுபத்திரண்டிலும் அது அவர் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருந்தது.

மாலை மூன்று மணிக்குச் சந்தில் எல்லா இயந்திரமும் பத்து நிமிஷம் ஓயும். டப்பிக் காப்பி விற்கும் இயந்திரத்தருகே நாலு பேர் கூடுவார்கள். ஹமாகுச்சி கவிழ்த்துப்போட்ட பெட்டியில் உட்கார்ந்திருந்தார். ஒகுனோ அம்மாள் மூக்கை மூடும் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். புருஷன் போனபின் பன்னிரண்டு வருஷமாகத் தனியாகக் கிரைண்டிங் பட்டறை நடத்துகிறவள். கல்லில் தேய்த்துத் தேய்த்து அவள் நாக்கும் கூர்மையாகிவிட்டது என்பார்கள்.

சதாவோ விஷயத்தைச் சொன்னார். புதன்கிழமை உலை எரிய வேண்டும். எரிவதற்கு உள்ளே வைக்க வேலை வேண்டும். சுற்றி நிற்க ஆளும் வேண்டும்.

ஹமாகுச்சி சிரித்தார். "தலைவரே, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பக்கத்து வீட்டு நகையை எரவல் கேக்கற கதையால்ல இருக்கு."

"பொண்ணுக்கு எழுபது வயசாச்சுங்கறதை எந்த நகையப் போட்டு மறைக்கறது?" என்றாள் ஒகுனோ அம்மாள். "குசுமோத்தோ-சான், நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நொண்டி நடக்கறதைப் பாத்தாத்தானே கைத்தடி குடுப்பாங்க? நீங்க ஓடிக் காட்டினா கைதட்டிட்டுல்ல போவாங்க?"

"ஓடற குதிரைக்குத்தான் புல்லு போடுவாங்கம்மா. சாகப்போறதுக்கு எவன் போடுவான்?"

"அப்ப இத்தனை வருஷம் ஓடினோமே, எவன் போட்டான்?"

"அதுக்குத்தான் இப்ப திட்டம் போடறாங்களாமே," என்றார் ஹமாகுச்சி. "டீவியில பேசறாங்க. வெளிநாட்டுக் கப்பல் ஒரு மாசம் வரலைன்னா நம்ம ஊர்ல ஊசி இல்ல, மாத்திரை இல்லன்னு இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காங்க. மாத்திரைக்கு பஞ்ச் வேணும், பஞ்ச்சுக்கு ஹமாகுச்சி வேணும், ஹமாகுச்சிக்கு முட்டிவலி மருந்து வேணும். அந்த மாத்திரைக்கும் நான்தான் பஞ்ச் செய்யணும். என்ன நாடு பாரு!"

சிரிப்பு அடங்கியதும் சதாவோ எழுந்து இருவருக்கும் முன்னால் நின்றார். இடுப்பை வளைத்துத் தலையைத் தாழ்த்தினார். நரைத்த பிடரி தெரிந்தது. அந்த மனிதர் தலை தாழ்த்தி அவர்கள் பார்த்ததில்லை. ஹமாகுச்சி கையிலிருந்த டப்பியைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழுந்தார்.

"அட, என்ன தலைவரே இது. நிமிருங்க, நிமிருங்க. செஞ்சுட்டாப் போச்சு."

அதிகாரி வரும் வாரம் திங்களும் செவ்வாயும் வந்த வேலையை எல்லோரும் காய்ச்சாமல் நிறுத்திவைத்தார்கள். ஹமாகுச்சியின் மாத்திரைப் பஞ்ச் மட்டும் நாற்பத்தெட்டு. பஞ்ச் கேட்டிருந்த மருந்து இயந்திரக்காரருக்கு வெள்ளிக்கிழமை போய்ச்சேர வேண்டியவை. குசுமோத்தோ பெயர் தைத்த சட்டைகளை மினெகோ அலமாரியிலிருந்து எடுத்துத் துவைத்துத் தேய்த்தாள். ஒன்று ஹமாகுச்சிக்கு, மற்றது சந்துக்கோடியில் ஓய்ந்து உட்கார்ந்திருந்த பழைய வெல்டிங்காரருக்கு.

புதன்கிழமை விடிந்தபோது இகோமா மலையிலிருந்து வறண்ட காற்று இறங்கியது. தகரக் கூரைகள் படபடத்தன. ஆறு மணிக்கே சதாவோ உலையை ஏற்றிவிட்டார். மினெகோ பட்டறை வாசலைக் கழுவி, உலைக்குப் பின்பக்கம் போய், கோடையில் விழுந்த செங்கலில் உள்ளங்கையளவு துண்டு ஒன்றை எடுத்தாள். கைக்குட்டையில் சுற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் சொல்லாவிட்டால் தான் காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வாயால் சொல்ல வராவிட்டாலும் கல் பேசும்.

ஒன்பது மணிக்குத் தட்டு உள்ளே போனது. பத்துக்கு வெளியே வர வேண்டும். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. தண்டவாளத்தில் யாரோ விழுந்து ரயில் நின்றுவிட்டதாம். அதிகாரி அம்மாள் மூச்சுவிடாமல் மன்னிப்புக் கேட்டாள். முக்கால் மணி நேரம் ஆகும்.

"ஏங்க, எடுத்துருங்க. நேரமாயிடுச்சு."

"எடுத்துட்டா அவங்க வந்து எதைப் பாப்பாங்க? எண்ணெய்த் தொட்டியவா?"

"வேற ஏதாவது ரெண்டு துண்டு இரும்பைப் போட்டுக் காட்டலாம். அவங்களுக்கென்ன தெரியப்போகுது?"

"இந்த வீட்டுல பொம்மை வேலை காட்டறதா?"

மினெகோ ஹமாகுச்சியைப் பார்த்தாள். உள்ளே கிடந்தது அவருடைய பஞ்ச். இரவல் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திருகிக்கொண்டு அவர் தரையைப் பார்த்தார். சூட்டைக் குறைக்கலாம் என்றால் நாலு கம்பி உலையில் அதுவும் முடியாது. குறைத்தால் வலப்பக்கம் செத்துப்போகும். சதாவோ பார்வைத் துளையில் கண்ணை வைத்து நின்றார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டைத் திருப்பினார். கதவைத் திறந்த போதெல்லாம் இடது மூலையின் சிவப்பு மஞ்சளை நோக்கி நகர்ந்திருந்ததை மினெகோ தன் ஸ்டூலிலிருந்தே பார்த்தாள். எஃகு சொன்ன நேரத்தைத் தவிர வேறு யார் சொன்ன நேரத்துக்கும் அந்த மனிதர் கதவைத் திறந்ததில்லை. மூடி வைத்ததும் இல்லை. இன்று வைத்தார்.

பத்தே முக்காலுக்கு அசாய் என்ற அந்த அதிகாரி ஓட்டமும் நடையுமாக வந்துசேர்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது. கூட ஒரு புகைப்படக்காரர். நல்ல பெண். வாசலில் நின்று மூன்று முறை குனிந்தாள்.

"வாங்க, சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றார் சதாவோ.

கதவு மேலே ஏறியது. பட்டறை முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. புகைப்படக்காரர் முழங்காலில் உட்கார்ந்தார். சதாவோ நீண்ட கொக்கியால் தட்டை இழுத்து, ஒரே வீச்சில் தொட்டிக்குள் இறக்கினார். எண்ணெயின் மேல் தீ எழுந்து அடங்கியது. எழுபத்திரண்டு வயது உடம்பு இளந்தாரி மாதிரி வேலை செய்தது. அசாய் தன்னை மறந்து கைதட்டினாள்.

பிறகு தட்டை வெளியே எடுத்து எண்ணெய் வடியத் தொங்கவிட்டார். காற்றூதி இரைந்துகொண்டிருந்தது. அசாய் படிவத்தை விரித்தாள்.

"உங்க தயாரிப்பு என்னங்க, குசுமோத்தோ-சான்?"

"தயாரிப்புன்னு ஒண்ணும் இல்ல. மத்தவங்க செய்யறதைக் கெட்டிப்படுத்திக் குடுக்கறோம்."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே..." பேனாவால் தேடினாள். "சரி, 'இதர'ன்னு போட்டுக்கறேன். உலைக்கு எவ்வளவு வயசாகுதுங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முந்தியே வந்தது. நல்லா உழைக்குது."

டிங்.

மெல்லிய ஓசை. கண்ணாடிக் கிண்ணத்தை விரல் நகத்தால் தட்டினாற்போல. மினெகோவுக்கு அது என்னவென்று தெரியும். அளவு மீறிக் காய்ந்த எஃகு ஆறும்போது உள்ளுக்குள் பிளக்கும் ஓசை அது. நாற்பத்துமூன்று வருஷத்தில் பத்துப் பதினைந்து முறை கேட்டிருப்பாள்.

"ஏதாவது பழுது, கஷ்டம்?"

"ஒரு குறையும் இல்ல."

டிங். டிங்.

அசாய் தலையைத் தூக்கினாள். "என்ன அழகான சத்தம்! என்னங்க அது?"

சதாவோ உலைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவருடைய வலது காது மந்தம். காற்றூதியின் இரைச்சல் வேறு. கேட்டிருக்காது என்று மினெகோ நினைத்தாள். பதில் சொன்னது ஹமாகுச்சி. அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"எஃகு ஆறற சத்தம்மா," என்றார்.

அவள் அதை எழுதிக்கொண்டாள். "ஒருவேளை இந்த உலை நின்னுபோனா, சுத்தி இருக்கற எத்தனை பட்டறைக்குப் பாதிப்பு வரும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பெண்ணே ரயிலேறி வந்திருந்தாள். பத்தொன்பது என்ற ஒரு சொல் போதும்.

"ஏன் நிக்கணும்?" என்றார் சதாவோ.

டிங்.

அசாய் மினெகோவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

மினெகோவின் கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. கைக்குட்டையின் முடிச்சை விரல் அவிழ்த்துவிட்டது. செங்கலின் சொரசொரப்பு உள்ளங்கையில் பட்டது. அவள் புருஷனைப் பார்த்தாள். தேய்த்த சட்டையில் நேராக நிமிர்ந்த முதுகு. அந்த முதுகை அந்நியர் முன்னால் அவள் ஒருநாளும் வளைத்ததில்லை.

"குளிரா இருக்கு," என்றாள். "டீ ஆறிடும். குடிங்க."

விருந்தினர் போகும்வரை அவள் அந்த ஓசையை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது.

மறுநாள் ஒகுனோ அம்மாள் முதல் பஞ்ச்சைக் கல்லில் வைத்தாள். வைத்ததும் எடுத்துவிட்டாள். நாற்பத்தெட்டையும் சிவப்புச் சாயத்தில் முக்கித் துடைத்துப் பார்த்ததில் முப்பத்தொன்றில் மயிரிழை போல விரிசல் தெரிந்தது. அவள் அவற்றைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வந்து சதாவோவின் முன்னால் வைத்தாள். பின்னாலேயே ஹமாகுச்சி வந்தார்.

"நான்தான் எங்கியோ முனைய மழுக்காம வுட்டிருப்பேன், தலைவரே. அதான் பிளந்திருக்கும். என் தப்புதான்."

சதாவோ அந்தப் பொய்யை நின்றபடியே வாங்கிக்கொண்டார். அடித்திருந்தால் தாங்கியிருப்பார் என்று மினெகோவுக்குத் தோன்றியது. அன்று அவர் மதியச் சோறு தின்னவில்லை.

மருந்து இயந்திரக்காரர் இரண்டு வாரம் பொறுத்தார். ஹமாகுச்சி புதிதாகக் கடைந்து கொடுத்தார். உலை ஒரு பாதியைச் சரியாகவும் மறுபாதியை அரைகுறையாகவும் காய்ச்சியது. மூன்றாவது வாரம் அவர் பஞ்ச்சைக் கடல் தாண்டியிருந்து வரவழைத்துக்கொண்டார். அங்கே ஒரே கூரையின்கீழ் எல்லாம் நடக்கிறதாம், அரசாங்கமே உலை போட்டுக் கொடுத்திருக்கிறதாம். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

டிசம்பர் நடுவில் முடிவு வந்தது. குசுமோத்தோ பட்டறைக்கு முதல் தரம். சொந்தக் காலில் உறுதியாக நிற்கும் நிலையம், உடனடி உதவி தேவையில்லை. கூடவே கெட்டித்தாளில் ஒரு பாராட்டுப் பத்திரம்.

மினெகோ புருஷனிடம் பல் வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறினாள். அரசாங்க அலுவலகத்தின் ஏழாவது மாடியில் அசாயின் மேஜை மேல் கைக்குட்டையை விரித்தாள். செங்கல் துண்டிலிருந்து பொடி உதிர்ந்தது.

அசாய் உதிர்ந்த பொடியை விரலால் தொட்டாள். "பட்டியல் மூடியாச்சும்மா. அடுத்தது மூணு வருஷம் கழிச்சுத்தான்." பிறகு மெல்லிய குரலில் கேட்டாள். "நான் அன்னைக்கு உங்களையும் கேட்டேனே... ஏம்மா சொல்லல?"

"அவரு பக்கத்துல நின்னாரு," என்றாள் மினெகோ.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, மின்தூக்கி வரை கூடவே வந்து குனிந்து வழியனுப்பினாள். கதவு மூடும்வரை நிமிரவில்லை.

ஜனவரியில் மூன்றாவது கம்பி செத்தது. பிப்ரவரியில் ஹமாகுச்சி லேத்துக்கு எண்ணெய் பூசித் துணி போர்த்தினார். "முட்டி கொஞ்சம் ஓய்வு கேக்குது," என்றார். ஒகுனோ அம்மாள் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் கம்பெனியில் சோறு அள்ளிவைக்கப் போனாள். தராசு இல்லாமலே நூற்றெண்பது கிராம் தப்பாமல் வைக்கிறாளாம். மேற்பார்வைக்காரன் மெச்சினானாம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. பத்தொன்பது என்பது ஏழாயிற்று.

ஏப்ரலில் பழைய இரும்பு எடுப்பவர்கள் வந்தார்கள். உலை வாசலை விடப் பெரியது. உள்ளே வைத்தே வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. வெட்டும் தீ சீறிக்கொண்டிருந்த முற்பகலில் தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகம். நாட்டின் உற்பத்தித் தொழிலுக்கான நீண்டகாலத் திட்டம். அட்டைப் படத்தில் திறந்த உலையின் முன் கொக்கியோடு சதாவோ நின்றார். பின்னால் குசுமோத்தோ சட்டையில் ஹமாகுச்சி. அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த சதாவோ அதைக் கையை நீட்டி வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு? கண்ணாடி இல்ல. படி."

மினெகோ முதல் பக்கத்தைத் திருப்பினாள். "'நம் நாட்டின் வலிமை பெரிய கட்டடங்களில் இல்லை. இத்தகைய சிறு பட்டறைகளின் அணையாத உலைகளில் இருக்கிறது...'"

"அப்புறம்?"

அடுத்த வரியைக் கண்டதும் அவள் நிறுத்தினாள். "அவ்வளவுதாங்க. அப்புறம் ஏதோ புள்ளிவிவரம்."

"பக்கம் முடியலையே. படி."

இரும்புக்காரர்கள் அடுத்த பக்கம் வெட்டுவதற்காகத் தீயை அணைத்தார்கள். பட்டறை திடீரென்று நிசப்தமாயிற்று.

"'அங்கே ஆறிக்கொண்டிருந்த எஃகிலிருந்து மணியோசை போன்ற தெளிந்த ஒலி விட்டுவிட்டு எழுந்தது. நம் உற்பத்தித் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த ஒலியே சாட்சி.'"

சதாவோ பாதி வெட்டப்பட்ட உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு அப்போதும் நேராகத்தான் இருந்தது.

"ஒன்பது," என்றார். "அந்தப் பொண்ணு இருந்த வரைக்கும் ஒன்பது."

மினெகோ புத்தகத்தை மூடினாள். இரும்புக்காரர்கள் மறுபடி தீயை ஏற்றினார்கள்.